தானிய மூட்டைகளும் தண்டவாளங்களும்: அரக்கோணம் சந்திப்பிலிருந்து ஒரு வாசிப்பு

ஒரு நிறுவனத்தின் வரலாற்றை யார் எழுதுவது? நம் நாட்டில் பெரும்பாலும் அந்த நிறுவனமே எழுதிக்கொள்கிறது. வெள்ளி விழா, பொன் விழா, நூற்றாண்டு விழா என ஒவ்வொன்றுக்கும் ஒரு மலர் வெளியாகும். நிறுவனரின் படம், அமைச்சரின் வாழ்த்துரை, முதல் கட்டடம், இன்றைய கட்டடம், இடையே ஏறிக்கொண்டே போகும் எண்கள். அதில் இடர்கள் வந்தால் கடக்கப்படுவதற்காகவே வரும். தொழிலாளி வந்தால் நன்றி சொல்லப்படுவதற்காகவே வருவார். நிறுவனத்தால் நட்டமடைந்தவர் மட்டும் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

இத்தகைய மலர்களைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அவற்றில் உள்ள தேதிகள் பெரும்பாலும் சரியானவையே. குறை வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனம் என்பது மழையைப் போல, மலையைப் போல இயல்பாக வந்து அமைந்த ஒன்று என்னும் எண்ணத்தை அவை நமக்குள் விதைத்துவிடுகின்றன. சந்தையைப் பற்றிய பேச்சிலும் இதே நிலைதான். 'சந்தை தீர்மானிக்கிறது' என்கிறோம். அந்தச் சந்தையை எந்தச் சட்டம், எந்தச் சாலை, எந்த ஒப்பந்தம் உருவாக்கியது என்று கேட்பதில்லை. நிறுவனம், சந்தை, சமூகம் மூன்றையும் ஒரே கயிற்றின் புரிகளாகப் பார்ப்பதும், அக்கயிறு எப்போது, யாரால், யாருக்காகத் திரிக்கப்பட்டது என்று கேட்பதுமே விமர்சன நோக்கிலான வரலாற்றாய்வு எனலாம்.

இதைக் கோட்பாடாகவே விளக்கிக்கொண்டு போனால் அயர்ச்சிதான் மிஞ்சும். ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 69 கிலோமீட்டர் தொலைவில், திருத்தணி மலைக்குத் தெற்கே உள்ள அரக்கோணம் சந்திப்பு. காலம், 1856 முதல் 1880 வரையிலான கால் நூற்றாண்டு.

முதலும் இடரும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அரக்கோணம் அந்தப் பாதையில் அமைந்தது. பாதையை அமைத்தது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. 1845இல் முதன்முதலாகத் தோன்றிக் கலைந்து, 1852இல் மறுபடி உருப்பெற்ற கம்பெனி அது. பங்குகளை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிட்டனில் இருந்தவர்கள். தாம் பணம் போட்ட நிலத்தை அவர்களில் பலர் கண்ணால் கண்டதில்லை.

காணாத நாட்டில் மக்கள் ஏன் முதலீடு செய்ய முன்வந்தார்கள்? இங்குதான் 'தனியார் முயற்சி' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது. அன்றைய பெரிய இரயில் கம்பெனிகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உறுதி அளித்திருந்தது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு சுமார் 5 விழுக்காடு வருவாய் நிச்சயம் உண்டு. இரயில் ஓட்டத்தில் அந்த அளவு இலாபம் வராவிட்டால் குறைவதை அரசு ஈடுகட்டும். நிலமும் அரசே தரும். அரசு ஈடுகட்டும் என்றால் இந்திய வரிப்பணம் ஈடுகட்டும் என்று பொருள். சென்னை மாகாணத்தில் வரி என்பது முதன்மையாக நிலவரி. ஆக, இலாபம் வந்தால் இலண்டன் பங்குதாரருக்கு. வராவிட்டால் நட்டம் இரயத்துவாரிக் குடியானவனுக்கு. அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாசிரியர் டேனியல் தார்னர் 1950இல் வெளியிட்ட தம் ஆய்வில், முயற்சி தனியாருடையது, இடர் மட்டும் பொதுமக்களுடையது என்ற கருத்தில் இந்த ஏற்பாட்டை விவரித்தார்.

இதற்கு அன்றே மறுப்பு இருந்தது. கோதாவரி அணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், இந்த நாட்டுக்கு முதலில் வேண்டியது நீர்வழிகளே என்று ஓயாமல் வாதிட்டவர். கால்வாய் பாசனத்துக்கும் ஆகும், போக்குவரத்துக்கும் ஆகும், செலவும் குறைவு என்பது அவர் கணக்கு. அவர் கணக்குகளில் மிகை உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நமக்கு முக்கியம் வேறு. வேறொரு வழி அன்று மேசைமேல் இருந்தது; அது தோற்றது. தோற்ற வழிகளை மறந்துவிட்டால், வென்ற வழி ஒன்றே சாத்தியமாக இருந்தது என்ற மயக்கம் வந்துவிடும். விழா மலர்கள் நம்மை ஆழ்த்துவது அந்த மயக்கத்தில்தான்.

ஒரு முடிச்சு உருவாகிறது

அரக்கோணத்தைச் சந்திப்பாக்கியவை அடுத்தடுத்து வந்த பாதைகள். மேற்கு நோக்கிய பாதை 1862இல் மலபார்க் கரையின் பேப்பூரை எட்டியது. ஜோலார்பேட்டையிலிருந்து 1864இல் பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. அரக்கோணத்திலிருந்து வடமேற்கே திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல் வழியாகச் சென்ற பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. தெற்கே 1865இல் இன்னொரு சிறு கம்பெனி காஞ்சிபுரத்துக்கு ஓர் ஒடுக்கப் பாதையை அமைத்தது.

அந்தக் காஞ்சிபுரப் பாதையின் அகலமும் பெரிய பாதையின் அகலமும் வெவ்வேறு. பின்னாளில் அது மீட்டர் பாதையானபோதும் வேறுபாடு நீங்கவில்லை. அகலம் மாறும் இடத்தில் பெட்டி தொடர்ந்து ஓடாது; சரக்கை இறக்கி மறுபடி ஏற்றவேண்டும். வரைபடத்தில் இரு கோடுகள் சந்திக்கும் ஒரு புள்ளி, தரையில் மனித முதுகுகளின் வேலையாக மாறுகிறது. இரு கம்பெனிகளுக்கிடையே எடுக்கப்படாத ஒரு முடிவின் விலையை மூட்டை சுமந்தவர்கள் நெடுங்காலம் தந்துகொண்டிருந்தார்கள். இன்று காஞ்சிபுரப் பாதையும் அகலப்பாதையாகிவிட்டது.

நிறுவன வரலாறு என்றதும் முதலில் சுட்டப்படும் பெயர்களில் ஒன்று ஆல்பிரட் சாண்ட்லர். 1977இல் வெளிவந்த அவருடைய நூல், அமெரிக்க இரயில் கம்பெனிகளே நவீன நிறுவனத்தின் முன்மாதிரி என்றது. நூற்றுக்கணக்கான மைல் நீளத்தில் பல வண்டிகள் மோதாமல் ஓடவேண்டுமானால் கால அட்டவணை வேண்டும், அறிக்கை வேண்டும், படிநிலை அதிகாரம் வேண்டும், சம்பளத்துக்கு வேலை செய்யும் மேலாளர்கள் வேண்டும். சந்தையின் புலப்படாத கை செய்வதாகச் சொல்லப்பட்ட வேலையை மேலாளர்களின் புலப்படும் கை எடுத்துக்கொண்டது என்பது அவர் வாதம். அது அழுத்தமான வாதமே.

ஆனால் அரக்கோணத்தில் நின்று அதைப் படித்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. இங்கே படிநிலை என்பது திறமையின் படிநிலை மட்டும் அன்று. மேல் பொறுப்புகள் ஐரோப்பியருக்கு. ஓட்டுநர், காவலர் போன்ற இடைநிலைப் பொறுப்புகளில் ஆங்கிலோ இந்தியருக்கு முன்னுரிமை. தண்டவாளம் காத்தலும் மூட்டை சுமத்தலும் இந்தியருக்கு. அரக்கோணத்தின் ஆங்கிலோ இந்தியக் குடியிருப்பு இந்த ஏற்பாட்டின் விளைவே. இரயில் நிருவாகம் இனத்தையும் பிறப்பையும் எப்படித் தன் கோப்புகளுக்குள் பதித்துக்கொண்டது என்பதை லாரா பேர் 2007இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காலனிய நாட்டில் நிருவாகத் தேவை எது, ஆதிக்கத் தேவை எது என்று பிரிப்பது எளிதன்று.

தாது வருடம்

1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் தென்னிந்தியா கண்ட பஞ்சத்தை நம் பாட்டன்மார் தாது வருடப் பஞ்சம் என்றே நினைவில் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881இல் குறைந்திருந்தது. அரக்கோணம் அன்று வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது.

இப்போது மேலே சொன்ன பாதைகளை மீண்டும் பாருங்கள். பஞ்சம் கொடுமையாகத் தாக்கிய பெல்லாரி, கடப்பைப் பகுதிகள் வடமேற்குப் பாதையில் இருக்கின்றன. சேலமும் கோயம்புத்தூரும் மேற்குப் பாதையில் இருக்கின்றன. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் சென்னைக்கு வந்த அரிசி இந்தப் பாதைகளில்தான் ஏறவேண்டும். இரண்டும் பிரியுமிடம் அரக்கோணம். மாகாணத்தின் உயிர் அன்று இந்த முடிச்சின் வழியாக மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

தானியம் போனது. ஆனாலும் மக்கள் இறந்தார்கள். இந்த முரணே நம் ஆய்வின் மையம்.

முதல் விடை, வண்டிகள் போதவில்லை என்பது. துறைமுகத்தில் இறங்கிய அளவுக்கு உள்நாட்டுக்கு ஏற்றிச்செல்ல இரயிலால் இயலவில்லை; இருப்புப்பாதையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு மாட்டுவண்டியே கதி; மாடுகளும் தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன. இது உண்மை. ஆனால் பாதி உண்மை.

மறுபாதி, தானியம் வந்து சேர்ந்த ஊரிலும் அதை வாங்கப் பலரிடம் காசில்லை என்பது. மழையில்லாத ஊரில் கூலிவேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு, நிலையத்தில் இறங்கிய மூட்டை கண்ணில் பட்டாலும் கைக்கு எட்டாது. நெசவாளிகளை எண்ணிப் பாருங்கள். அரக்கோணம், திருத்தணி வட்டாரமும், கிளைப்பாதையின் மறுமுனையான காஞ்சிபுரமும் நெசவுக்குப் பெயர்பெற்றவை. அரிசி விலை ஏறினால் மக்கள் முதலில் கைவிடுவது துணி வாங்குவதை. நெசவாளியின் தறியில் நூல் அறுபடவில்லை. ஆனால் அவன் வருமானம் அறுந்துவிடுகிறது. அவனுடைய வயலில் மழை பெய்யாததால் அன்று, மற்றவர்களின் வயலில் பெய்யாததால் அவன் பட்டினி கிடக்கிறான். அமர்த்தியா சென் 1981இல் விளக்கிய உரிமைக் கோட்பாட்டின் சாரம் இதுவே: பஞ்சம் என்பது உணவு இல்லாமையைவிட, இருக்கும் உணவைப் பெறும் வழி இல்லாமை. அதற்கு முன்பே, 1944இல், கார்ல் பொலானி இந்தியப் பஞ்சங்களைப் பற்றி இதையொத்த கருத்தைச் சொல்லியிருந்தார். கட்டற்ற தானிய வாணிகமும் உள்ளூர் வருமான வீழ்ச்சியும் சேர்ந்ததே பஞ்சம் என்றார் அவர்.

அன்றைய அரசு இதை அறியாமல் இருந்ததா? சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் அரசு தொடக்கத்தில் ஒரு வணிக நிறுவனத்தின் மூலம் தானே தானியம் வாங்க முயன்றது. வைசிராய் லிட்டனின் அரசு அதை விரும்பவில்லை. அரசு வாங்கினால் வணிகர் ஒதுங்கிக்கொள்வர், ஆகவே தானிய வாணிகத்தில் தலையிடலாகாது என்பது கொள்கை. ஆதம் ஸ்மித் 1776இல் எழுதிய வரிகள், அவர் காணாத ஒரு நாட்டில், நூறாண்டுக்குப் பின் நிருவாக ஆணையாக உருமாறின. பஞ்சநிலையை மேற்பார்வையிட 1877 ஜனவரியில் வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் பெறுமான கூலி போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், மருத்துவர் என்ற முறையில், 680 கிராமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். பின்னர் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. இருவருடைய எண்ணுக்கும் இடையிலான 230 கிராமில் எத்தனை உயிர்கள் இருந்தன என்று எந்தக் கம்பெனி அறிக்கையும் கணக்கிடவில்லை. கணக்கிடுவது கம்பெனியின் வேலையுமன்று. ஒரு நிறுவனம் எதை எண்ணுகிறது என்பதைப் போலவே, எதை எண்ணுவதில்லை என்பதும் அதன் இயல்பைக் காட்டும்.

இரயில் நல்லதா, கெட்டதா?

இந்த இடத்தில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டு நகர ஆசை எழுவது இயற்கை. காந்தி 1909இல் இந்து சுயராஜ்யத்தில் எழுதிவிட்டார்: இரயிலால் தானியம் விலை கூடிய இடத்துக்கு ஓடிவிடுகிறது, அதனால் பஞ்சம் பெருகுகிறது என்று. சுதேசமித்திரனை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயரும், ரொமேஷ் சந்திர தத்தரும் பாசனத்தைப் புறக்கணித்து இரயிலுக்குப் பணத்தைக் கொட்டியதைக் கடுமையாகச் சாடினர். பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை என்பதும் உண்மை.

மறுபுறம், பொருளாதார ஆய்வாளர் டேவ் டொனால்ட்சன் காலனிய அரசின் விலைப் பதிவுகளையும் மழைப் பதிவுகளையும் கொண்டு செய்த ஆய்வு (2018இல் முழு வடிவில் வெளியானது) வேறொரு சித்திரத்தைத் தருகிறது. இரயில் வந்த மாவட்டங்களில் மாவட்டங்களுக்கிடையிலான விலை வேறுபாடு சுருங்கியது. வேளாண் வருமானம் உயர்ந்தது. உள்ளூர் மழை பொய்த்தால் விலை முன்போல் எகிறவில்லை.

இவ்விரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்கவேண்டுமா? அப்படித் தோன்றவில்லை. இரு தரப்பும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. அரை நூற்றாண்டுச் சராசரியில் இரயில் என்ன செய்தது என்பது ஒரு கேள்வி. 1877இல் கையில் காசில்லாத ஒரு மனிதனுக்கு அது என்ன செய்தது என்பது இன்னொரு கேள்வி. சராசரி சரியாக இருக்கலாம்; ஆனால் சராசரியில் யாரும் வாழ்வதில்லை. அதேபோல் ஒரு பஞ்சத்தின் கொடுமையைக் கொண்டு இரயிலின் முழு வரலாற்றையும் எடை போடுவதும் நேர்மையன்று.

வரலாற்றின் பங்கு இங்கே இன்றியமையாதது. 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. மேலும் பல ஆயிரம் மைல் இருப்புப்பாதை வேண்டும் என்றது. கூடவே, பஞ்சக் காலத்தில் அரசு செய்யவேண்டிய கடமைகளை விதிகளாக வகுக்கவேண்டும் என்றும் சொன்னது. பஞ்ச விதித்தொகுப்புகள் அதன் பின்னரே உருவாயின. ஒரு வட்டாரத்தில் வேலை அறுந்தால் அரசு வேலை தரவேண்டும், கூலி தரவேண்டும், உழைக்க இயலாதவருக்கு உணவு தரவேண்டும். அதாவது, மூட்டையை நிலையம் வரை கொண்டுவருவது தண்டவாளத்தின் வேலை. நிலையத்திலிருந்து அடுப்பு வரை கொண்டுபோவது, காசையும் உரிமையையும் சார்ந்த வேலை. 1876இல் முதலாவது அரைகுறையாக இருந்தது. இரண்டாவது ஏறக்குறைய இல்லாமலே இருந்தது. பின்னாளில் பஞ்சச் சாவுகள் குறைந்ததற்கு இரண்டும் தேவைப்பட்டன. விதித்தொகுப்பு செயற்படுத்தப்படாத 1943 வங்காளத்தில், இரயில்கள் இருந்தும், மீண்டும் இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தனர்.

தமிழ்ப் படிப்புக்கு இங்கென்ன வேலை?

இதெல்லாம் பொருளாதாரத் துறையாருக்கு உரியது, தமிழ் படித்தவர்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தமிழிலக்கிய வகுப்பில் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லும் எனக்கு இதற்கு நேரான விடை உண்டு. ஆவணமும் ஒரு பிரதிதான். அதற்கும் கூற்று நிகழ்த்துபவர் உண்டு, கேட்போர் உண்டு, துறை உண்டு. அகப்பாடலில் 'யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது' என்று கேட்டுப் பழகிய மாணவர்கள், ஓர் அரசாணையிடமும் அதையே கேட்கலாம். டெம்பிளின் குறிப்பு மேலிடத்துக்குச் சிக்கனத்தைக் காட்ட எழுதப்பட்டது. மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு இங்கிலாந்து வாசகரின் மனச்சாட்சியை நோக்கி எழுதப்பட்டது. இரண்டிலும் பஞ்சத்தில் அடிபட்டவர் படர்க்கையாகவே நிற்கிறார்.

தன்மையிலும் முன்னிலையிலும் பேசும் குரல்களைத் தேடினால் தமிழ்ப் பக்கம்தான் வரவேண்டும். பஞ்சத்தைப் பாடிய கும்மிகள் மலிவு அச்சில் வந்தன. சிவகங்கை வட்டாரத்து வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம், மதுரைச் சொக்கநாதரே தாது வருடப் பஞ்சம் குறித்துச் சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதுவதாக அமைந்த நெடிய அங்கத நூல். கடவுளே கையை விரித்துவிட்டு ஜமீன்தாரிடம் அனுப்பிவைக்கிறார் என்ற அந்த அமைப்பிலேயே அக்காலத்து அதிகார வரைபடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சந்தையும் அரசும் கைவிட்ட இடத்தில் வள்ளன்மை என்ற பழைய ஏற்பாட்டை அது கூவி அழைக்கிறது. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பஞ்சத்தில் உணவளித்ததும், கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடியதும் அதே ஏற்பாட்டின் இன்னொரு முகம்.

ஆனால் இலக்கியத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக்கூடாது. புரவலரை நோக்கிப் பாடும் நூல் புரவலரின் வரிவசூலைப் பற்றிப் பேசாது. கும்மி எழுதியவரும் நகரத்து அச்சகத்துக்கு எட்டியவர்தான். மூட்டை சுமந்தவர் எழுதியது நம் கையில் இல்லை. அவரை ஒப்பந்தக்காரரின் கூலிக் கணக்கிலும், விபத்துப் பதிவிலும், நிவாரண முகாமின் எண்ணிக்கையிலும் சிதறல்களாகவே தேடவேண்டியிருக்கிறது. அறிக்கையை இலக்கியத்தாலும் இலக்கியத்தை அறிக்கையாலும் உரசிப் பார்ப்பது ஒன்றே வழி.

இன்றைக்கு

மெட்ராஸ் ரயில்வே 1908இல் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயாயிற்று. 1951இல் தெற்கு இரயில்வேயில் கலந்தது. மொழிவழி எல்லைப் போராட்டத்தின் பயனாய்த் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்கு வந்தது. அரக்கோணம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. கம்பெனிகளும் எல்லைகளும் மாறின. சந்திப்பு மட்டும் அதே இடத்தில் நின்று, விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோரைச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இப்படியொரு ஊரின் வரலாற்றை எழுத முனையும் மாணவர்களுக்கு மூன்று கேள்விகளைப் பரிந்துரைப்பேன். இலாபம் யாருக்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நட்டம் வந்தால் யார் தாங்குவதாக ஒப்பந்தம் இருந்தது என்று கேளுங்கள். எதை எண்ணினார்கள் என்று பார்த்தபின், எதை எண்ணவில்லை என்று பாருங்கள். வென்ற திட்டத்தைப் படிக்கும்போது, அதனிடம் தோற்ற திட்டத்தையும் தேடிப் படியுங்கள். இக்கேள்விகள் இரயில் கம்பெனிக்கு மட்டும் உரியவை அல்ல. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், சர்க்கரை ஆலை, தனியார் கல்லூரி, கைப்பேசி வழியே உணவு கொண்டுவந்து தரும் இன்றைய நிறுவனம் எதனிடமும் கேட்கலாம்.

அதற்கு முதல் தேவை தாள்கள். ஊர்தோறும் பழைய சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களும் கூலிப் பட்டியல்களும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளும் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. இலண்டனில் அச்சான கம்பெனி அறிக்கைகள் இன்று கணினியில் கிடைக்கின்றன. அரக்கோணத்துச் சரக்குக் கொட்டகையில் கூலி பெற்றவர்களின் கைநாட்டுப் பட்டியல் ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், அதற்கு இன்று பழைய காகித விலைதான். இந்த இரண்டும் அருகருகே வைத்துப் படிக்கப்படும் நாளில்தான் 1877இல் இந்த முடிச்சில் நடந்ததை நாம் முழுமையாக எழுதத் தொடங்க முடியும். பரணில் அப்படி ஏதேனும் வைத்திருக்கும் நண்பர்கள், அருகிலுள்ள ஏதேனும் ஒரு கல்லூரி நூலகத்திலாவது அதைச் சேர்த்துவிடுங்கள்.